ஜே. சி. ஆர். லிக்லைடர்

ஜோசப் கார்ல் ராப்னெட் லிக்லைடர் (மார்ச் 11, 1915 – ஜூன் 26, 1990) அமெரிக்காவைச் சேர்ந்த உளவியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். ஜே. சி. ஆர். லிக்லைடர் என்ற சுருக்கப் பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். நண்பர்களும் உடன் பணியாற்றியவர்களும் இவரை லிக் என்றே அழைத்தனர். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் தமக்கே உரியது போலப் பயன்படுத்த வேண்டும் என்ற கருத்தைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். அதற்கான ஆய்வுகளுக்கு அரசுப் பணத்தைப் பெற்றுத் தந்தவரும் இவரே.

இணையத்தின் முன்னோடி என்றும், மேகக் கணிமையின் தந்தை என்றும் இவரைக் குறிப்பிடுவதுண்டு. இவற்றுள் இரண்டாவது கூற்றைச் சற்றுக் கவனத்துடன் எடுத்துக்கொள்ள வேண்டும். மேகக் கணிமைத் தளங்களில் இன்று வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் இயந்திரத்தை லிக்லைடர் வடிவமைக்கவில்லை. அது வேறு சிலரின் படைப்பு. ஆனால் அத்தகைய ஒன்று தேவை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்பவர்கள் இவரிடமே வந்து சேர்கின்றனர்.

இளமையும் கல்வியும்

லிக்லைடர் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில், பாப்டிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்தார். சிறுவயதில் மாதிரி வானூர்திகள் செய்வதில் ஈடுபாடு கொண்டிருந்தார். பழைய மகிழுந்துகளைப் பிரித்துச் சீர்செய்யும் பழக்கம் இவரிடம் நெடுங்காலம் இருந்தது. செயின்ட் லூயிசில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல், கணிதம், உளவியல் ஆகிய மூன்றையும் பயின்று 1937-இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டு உளவியலில் முதுகலைப் பட்டமும், 1942-இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். வெவ்வேறு அதிர்வெண் கொண்ட ஒலிகள் பூனையின் மூளைப் புறணியில் எவ்வெவ்விடங்களில் உணரப்படுகின்றன என்பதே இவரது முனைவர் பட்ட ஆய்வுப் பொருள்.

ஒலி உளவியலாளர்

இரண்டாம் உலகப்போரின்போது ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒலி உளவியல் ஆய்வகத்தில் லிக்லைடர் சேர்ந்தார். குண்டுவீச்சு வானூர்திகளின் பேரிரைச்சலுக்கிடையே வானோடிகள் ஒருவர் பேச்சை மற்றவர் எவ்வாறு புரிந்துகொள்வது என்பது அங்கு ஆராயப்பட்ட சிக்கல். பேச்சு அலையின் உச்சிகளை முற்றிலும் வெட்டி எறிந்த பின்னரும் சொற்கள் பெருமளவு விளங்குகின்றன என்பதை இவர் காட்டினார். சுருதியைச் செவி எவ்வாறு உணர்கிறது என்பது பற்றி 1951-இல் இவர் வெளியிட்ட இரட்டைக் கோட்பாடு ஒலி உளவியலில் இன்றும் பேசப்படுகிறது. 1958-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். கணினித் துறைக்கு வராமலே இருந்திருந்தாலும் இவரது பெயர் ஒரு துறையின் வரலாற்றில் நிலைத்திருக்கும்.

1945-இல் இவருக்குத் திருமணம் நடந்தது. இவருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு.

1950-இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) இணைப் பேராசிரியரானார். அக்கழகத்தின் லிங்கன் ஆய்வகத்தில், வான் பாதுகாப்புக்கான சேஜ் அமைப்பின் மனிதப் பயன்பாட்டுப் பகுதியில் இவர் பங்கு கொண்டார். இராடார் தரும் செய்திகளைக் கணினி திரையில் காட்ட, அதன் முன் அமர்ந்த படைவீரர் ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டு ஆணையிடுவது சேஜ் அமைப்பின் முறை. அக்காலத்தில் மற்ற இடங்களில் கணினியைக் கண்ணால் காண்பதே அரிது. துளையட்டைக் கட்டு ஒன்றைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, விடைக்காகப் பல மணி நேரமோ ஒரு நாளோ காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தால் மீண்டும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும். இதைத் தொகுதிச் செயலாக்க முறை என்பர். லிங்கன் ஆய்வகத்திலேயே வெஸ்லி கிளார்க் என்ற பொறியாளர் டிஎக்ஸ்-2 என்னும் கணினியை லிக்லைடருக்கு அறிமுகப்படுத்தினார். கணினியின் முன் தாமே அமர்ந்து அதனுடன் உரையாடுவது எத்தகையது என்பதை லிக்லைடர் அங்கே அறிந்துகொண்டார்.

தன் நேரத்தை அளந்த ஆய்வு

1957-ஆம் ஆண்டின் இளவேனிலிலும் கோடையிலும் லிக்லைடர் ஒரு சிறு சோதனை செய்தார். சோதனைக்கு உட்பட்டவர் ஒருவரே, அவரும் லிக்லைடரே. தம் வேலை நேரம் எவ்வாறு செலவாகிறது என்று குறித்து வைத்துப் பார்த்தார். சிந்திப்பதற்கென்று தாம் கருதியிருந்த நேரத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு சிந்தனையில் செலவாகவில்லை. தரவுகளைத் தேடுவதிலும், கணக்கிடுவதிலும், வரைபடம் வரைவதிலும், வரைவதற்கு மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதிலுமே அது கழிந்தது. ஓரிடத்தில், பேச்சு விளங்கும் அளவு பற்றிய பல ஆய்வுகளை ஒப்பிட வேண்டியிருந்தது. ஆய்வாளர்கள் ஒவ்வொருவரும் பேச்சுக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தை வெவ்வேறு விதமாக வரையறுத்திருந்தனர். அவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆயிற்று. கொண்டுவந்த பின், தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளச் சில நொடிகளே போதுமாயின.

இச்சோதனை அறிவியல் முறைப்படி முழுமையானது அன்று என்பதை அவரே ஒப்புக்கொண்டார். எனினும் அவரது பிற்கால வாழ்க்கை முழுவதையும் இதுவே திருப்பியது எனலாம். கணினியை விரைவாகக் கணக்கிடும் பொறியாக மட்டும் பலர் கண்ட காலத்தில், சிந்தனைக்கு முந்தைய இந்த எடுபிடி வேலைகளை ஏற்றுக்கொள்ளும் துணையாக இவர் அதைக் கண்டார்.

அதே 1957-இல் எம்ஐடியை விட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் (பிபிஎன்) என்ற ஒலியியல் நிறுவனத்தின் துணைத் தலைவரானார். வந்தவுடன் பல்லாயிரம் டாலர் விலையுள்ள எல்ஜிபி-30 கணினியை வாங்கும்படி நிறுவனத்தை வற்புறுத்தினார். அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதற்கு அவரிடம் தெளிவான விடை இல்லாதபோதும் நிறுவனத்தார் வாங்கிக் கொடுத்தனர். பின்னர் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-1 கணினியும் பிபிஎன்னுக்கு வந்தது. எம்ஐடியின் ஜான் மெக்கார்த்தியும் எட்வர்டு ஃபிரெட்கினும் துணைநிற்க, 1962-இல் அச்சிறு கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை அங்கே செயல்படுத்திக் காட்டப்பட்டது.

மனிதனும் கணினியும்

1960 மார்ச்சில், மனிதனும் கணினியும் ஒன்றுக்கொன்று துணையாக வாழ்வது பற்றிய கட்டுரையை லிக்லைடர் வெளியிட்டார். இவரது எழுத்துகளுள் மிகுதியும் எடுத்தாளப்படுவது இதுவே. அத்தி மரத்தையும் அதன் பூவுக்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்கும் குளவியையும் இவர் உவமையாகக் கையாண்டார். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தவர்கள் இவ்வுவமையை எளிதில் புரிந்துகொள்வர். குளவியின்றி மரம் கனி தராது, மரமின்றிக் குளவிக்கு உணவும் உறைவிடமும் இல்லை.

உவமையைவிட, அதே கட்டுரையில் உள்ள ஒரு கணக்கே இங்கு முதன்மையானது. அன்றைய பெரிய கணினி ஒன்றின் விலை பல மில்லியன் டாலர். சிந்திக்கும் ஒரு மனிதருக்காக அதை ஒதுக்கி வைக்க எந்த நிறுவனத்தாலும் இயலாது. மனிதர் ஒரு வரியைத் தட்டச்சு செய்து, அடுத்ததைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கும் நேரத்தில் கணினி வெறுமனே நிற்கும். ஆகவே கணினியின் நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பலருக்கும் மாறி மாறி வழங்க வேண்டும். அத்தகைய மையங்களைத் தொலைத்தொடர்புக் கம்பிகளால் இணைத்து, செலவைப் பயனர்களிடையே பங்கிட வேண்டும் என்று அவர் எழுதினார்.

நேரப்பகிர்வு என்னும் இக்கருத்தைத் தனியொருவர் கண்டுபிடித்ததாகக் கூற இயலாது. மெக்கார்த்தி எம்ஐடியில் இதை வலியுறுத்தி வந்தார். இங்கிலாந்தின் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி 1959-இல் பாரிசில் ஓர் ஆய்வுரை அளித்தார். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழு எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற நேரப்பகிர்வு அமைப்பை இயக்கிக் காட்டியது.

அர்ப்பா

1962 அக்டோபரில் லிக்லைடர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர்நிலை ஆய்வுத் திட்ட முகமையில் (அர்ப்பா) சேர்ந்து, பின்னர் தகவல் செயலாக்க நுட்ப அலுவலகம் எனப் பெயர் பெற்ற பிரிவின் முதல் இயக்குநரானார். படைத்தலைமைக்கும் கட்டுப்பாட்டுக்கும் கணினியைப் பயன்படுத்துவதே அப்பிரிவின் நோக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. படைத்தலைவர் ஒருவர் நெருக்கடியில் முடிவெடுக்கத் தொகுதிச் செயலாக்கத்துக்காகக் காத்திருக்க முடியாது என்று இவர் வாதிட்டார். போருக்குத் தேவைப்படுவதும் ஆய்வாளருக்குத் தேவைப்படுவதும் ஒன்றே என்று நிறுவி, பல்கலைக்கழகங்களுக்குப் பணம் வழங்கினார். எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி, கார்னகி தொழில்நுட்பக் கழகம் முதலியன பயன்பெற்றன. சுட்டியைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டும் இவரிடம் உதவி பெற்றவரே. படைத்துறைப் பணத்தில் வளர்ந்தது என்ற விமர்சனம் இத்துறையை நெடுநாள் தொடர்ந்தது, அது பொய்யன்று.

பணியேற்ற அடுத்த மாதம், வர்ஜீனியாவின் ஹாட் ஸ்பிரிங்சில் நடந்த மாநாடொன்றிலிருந்து வாஷிங்டன் திரும்பும் தொடர்வண்டியில் லிக்லைடரும் எம்ஐடிப் பேராசிரியர் ராபர்ட் ஃபானோவும் நெடுநேரம் பேசிக்கொண்டு வந்தனர். அதன் விளைவு 1963 ஜூலையில் தொடங்கப்பட்ட மாக் திட்டம். இதற்கு அர்ப்பா முதலில் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் வழங்கியது. ஐபிஎம் 7094 கணினியில் சிடிஎஸ்எஸ் இயங்க, ஒரே வேளையில் 30 பேர் அளவில் வெவ்வேறு இடங்களிலிருந்த தட்டச்சு முனையங்களின் வழியே பணியாற்றினர். காத்திருக்கும் நேரம் நாட்களிலிருந்து நொடிகளுக்குக் குறைந்தது.

1963 ஏப்ரல் 23 அன்று, தம் உதவி பெற்ற ஆய்வுக் குழுக்களுக்கு லிக்லைடர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். விண்மீன் கூட்டங்களுக்கிடையிலான கணினி வலையமைப்பின் உறுப்பினர்களுக்கு என்று வேடிக்கையாக அதில் முகவரியிட்டிருந்தார். பாலோ ஆல்ட்டோவில் நடக்கவிருந்த கூட்டமொன்றைத் தள்ளிவைப்பதற்கான மன்னிப்புடன் அது தொடங்குகிறது. பிறகு, ஒவ்வொரு மையமும் தனக்கென ஒரு நிரல்மொழியையும் கட்டளை முறையையும் வைத்துக்கொண்டால் ஒரு மையத்தின் நிரலை மற்றொன்று எவ்வாறு பயன்படுத்தும் என்ற கேள்விக்குச் செல்கிறது. நிரல் எங்கோ ஓரிடத்தில், தரவு வேறோரிடத்தில், பயனர் மூன்றாவது இடத்தில் என்ற நிலையை அவர் விரிவாக எண்ணிப் பார்க்கிறார். மேகக் கணிமையின் வரலாற்றை எழுதுவோர் இச்சுற்றறிக்கையிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

லிக்லைடர் 1964-இல் அர்ப்பாவிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த இவான் சதர்லாந்து, ராபர்ட் டெய்லர், லாரன்ஸ் ராபர்ட்ஸ் ஆகியோரின் காலத்தில் வலையமைப்புக் கனவு அர்ப்பாநெட் ஆக உருப்பெற்றது. 1969 அக்டோபர் 29 அன்று அதன் முதல் இரு கணினிகள் தொடர்பு கொண்டபோது லிக்லைடர் அப்பதவியில் இல்லை.

ஐபிஎம்மும் மெய்நிகர் இயந்திரமும்

அர்ப்பாவை விட்டு லிக்லைடர் சென்ற இடம் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வு மையம். இது வியப்புக்குரிய தேர்வே. 1964 ஏப்ரலில் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை தொகுதிச் செயலாக்கத்தையே நோக்கமாகக் கொண்டிருந்தது. நேரப்பகிர்வுக்கு இன்றியமையாத முகவரி மாற்று வன்பொருள் அதில் இல்லை. எனவே மாக் திட்டத்தார் தங்கள் அடுத்த அமைப்பான மல்டிக்சுக்கு ஐபிஎம்மைக் கைவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக் கணினியைத் தேர்ந்தெடுத்தனர்.

இத்தோல்வியே மெய்நிகர் இயந்திரம் பிறக்க வாய்ப்பாக அமைந்தது. மாக் திட்டம் இயங்கிய அதே கட்டடத்தில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையமும் இருந்தது. சிடிஎஸ்எஸ்சில் பணியாற்றிப் பின் அங்கு வந்த ராபர்ட் கிரீசியும், லெஸ் கோமோவும் 1964 இறுதியில் புதியதொரு வழியை வகுத்தனர். பலருக்கும் பொதுவான ஒரு பெரிய இயங்குதளத்தை எழுதுவதற்கு மாறாக, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினி இருப்பதாகவே தோற்றம் உண்டாக்குவது அவர்கள் வழி. நேரப்பகிர்வை ஒரே வீட்டில் பலர் ஒண்டுக்குடித்தனம் இருப்பதற்கு ஒப்பிடலாம். கூடமும் அடுக்களையும் பொது. மெய்நிகர் இயந்திரத்திலோ குடியிருப்போர் ஒவ்வொருவருக்கும் முழு வீடும் தமதாகவே தெரியும். சுவருக்கு அப்பால் இன்னொருவர் இருப்பது தெரியாது.

மாற்றியமைக்கப்பட்ட சிஸ்டம்/360 மாடல் 40 கணினியில் சிபி-40 என்ற இக்கட்டுப்பாட்டு நிரல் 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அது 14 மெய்நிகர் இயந்திரங்கள் வரை ஒரே நேரத்தில் இயக்கியது. ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு மட்டுமே உரிய எளிய இயங்குதளம் ஓடியது. அடுத்து சிபி-67, அதன்பின் 1972 ஆகஸ்டில் விஎம்/370 என வளர்ந்து ஐபிஎம்மின் விற்பனைப் பொருளாயிற்று.

இதில் லிக்லைடருக்கு நேரடிப் பங்கு இல்லை. ஐபிஎம்மில் தம் கருத்துகளுக்கு உரிய வரவேற்பின்றி அவர் 1967-இல் எம்ஐடிக்குத் திரும்பும் நிலையில் இருந்தார். எனினும் சிடிஎஸ்எஸ் என்ற பள்ளியை எம்ஐடியில் வளர்த்த பணமும், ஐபிஎம்மை உலுக்கிய போட்டியும் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களால் வந்தவை.

பிற்காலம்

இதற்கிடையே 1965-இல், எதிர்கால நூலகங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். 1968-இல் டெய்லருடன் சேர்ந்து, கணினியை ஒரு தொடர்புக் கருவியாகக் காணும் கட்டுரையை எழுதினார். கணினி வலையமைப்பில் இணைவது சிலருக்கு மட்டும் கிட்டும் சலுகையாக இருக்குமா, அனைவருக்கும் உரிய உரிமையாக இருக்குமா என்ற கேள்வி அதில் எழுப்பப்படுகிறது. சலுகையாக நின்றுவிட்டால் அறிவு வாய்ப்பில் உள்ள ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகும் என்பது அவர்களின் அச்சம்.

1968 முதல் 1970 வரை மாக் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். இப்பதவி அவருக்குப் பொருந்தவில்லை. மல்டிக்ஸ் காலம் தாழ்ந்துகொண்டே போயிற்று. செயற்கை அறிவாண்மைக் குழு 1970-இல் தனி ஆய்வகமாகப் பிரிந்தது. கருத்தைப் பற்றவைப்பதில் வல்லவரான அவருக்கு நிர்வாகத்தில் நாட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. 1974-இல் மீண்டும் அர்ப்பாவின் பழைய பதவிக்கே அழைக்கப்பட்டார். ஆய்வு ஒவ்வொன்றும் படைத்துறைக்கு நேரடியாகப் பயன்பட வேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்குள் வந்திருந்தது. அங்கே தொடர விரும்பாமல் 1975-இல் எம்ஐடிக்கே திரும்பினார்.

1979-இல் எம்ஐடியினர் சிலர் தொடங்கிய இன்ஃபோகாம் என்ற கணினி விளையாட்டு நிறுவனத்தின் நிறுவனர்களுள் இவரும் ஒருவர் என்பது பலருக்கும் தெரியாத செய்தி. 1985-இல் ஓய்வு பெற்றார். நெடுநாள் ஆஸ்துமாவால் துன்புற்று வந்த இவர், 1990 ஜூன் 26 அன்று மாசச்சூசெட்சின் ஆர்லிங்டனில் தமது 75-ஆம் வயதில் காலமானார். அர்ப்பாநெட் அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் முறைப்படி மூடப்பட்டிருந்தது.

மறைவுக்குப் பின்

1980-களில் மலிவான தனியாள் கணினிகள் பரவியதால் ஒரு கணினியைப் பலர் பகிர்வது பழங்கதை போல ஆயிற்று. அவற்றில் இருந்த இன்டெல் எக்ஸ்86 வகைச் செயலிகள் மெய்நிகராக்கத்துக்கு ஏற்றவையாகவும் இல்லை. 1998-இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் இத்தடையை மென்பொருள் உத்தியால் கடந்தது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சென் என்ற கட்டற்ற மேற்பார்வை நிரல் வெளியானது. (இது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். மேலே வந்தது மாசச்சூசெட்சின் கேம்பிரிட்ஜ்.) 2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் சென் நிரலின் துணையுடன் ஈசி2 என்ற சேவையைச் சோதனை முறையில் தொடங்கி, 1.75 கிகாபைட் நினைவகமும் 160 கிகாபைட் வட்டும் கொண்ட மெய்நிகர் இயந்திரத்தை மணிக்கு 10 அமெரிக்க சென்ட் வாடகைக்கு விட்டது.

இத்தகைய தளமொன்றில் மெய்நிகர் இயந்திரம் அமைப்பவர் செய்ய வேண்டியவை சிலவே. இயந்திரம் எந்நாட்டுத் தரவு மையத்தில் இயங்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். லினக்ஸ், விண்டோஸ் போன்ற இயங்குதளம் முன்பே நிறுவப்பட்ட படிமம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் அளவைக் குறிக்க வேண்டும். உள்நுழைய மறைகுறியீட்டுச் சாவி இணை ஒன்றை உருவாக்கி, அதில் கமுக்கமானதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த வாயில்களின் வழியே யார் நுழையலாம் என்பதைத் தீச்சுவர் விதிகளால் வரையறுக்க வேண்டும். இவ்விடத்தில் அசட்டையாக இருப்பவர்களின் இயந்திரத்தை அன்னியர் தேடி வர வெகுநேரம் ஆகாது. வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்த மறப்பவர்களுக்கு, உறங்கும்போதும் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும். மற்றபடி ஓரிரு நிமிடங்களில் கட்டளைக்கோடு திரையில் தோன்றிவிடும். பெரும்பாலும் அது கறுப்புத் திரையும் எழுத்துகளும் மட்டுமே கொண்ட முனையம். மாக் திட்டத்தினர் 1963-இல் தட்டச்சு முனையத்தின் முன் அமர்ந்து செய்தது போலவே, பயனர் ஒரு வரியைத் தட்டச்சு செய்துவிட்டு விடையை எதிர்பார்க்கிறார்.